ஒரே குளத்துக்கு மூன்று மனு

என் கடை பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கரண்ட் பில், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் எழுதியிருக்கும். போர்டில் எழுதாத ஐந்தாவது வேலைதான் கடையை ஓட்டுகிறது: மனு எழுதுவது. வேலந்தாவளம் தாண்டி, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே டீக்கடையில் தமிழ், சந்தையில் தமிழ், சண்டையில் தமிழ். ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் மலையாளம். பேசிவிடுவார்கள், எழுத வராது. எனக்கு இரண்டும் எழுத வரும் என்பதால், இந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன குறை என்பது அநேகமாக மெம்பருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

2017 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று மனு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் மழை இரண்டு பருவத்திலும் ஏமாற்றிவிட்டது. 2016 அக்டோபரிலேயே கேரள அரசு பதினான்கு மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்திருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு ஓரம் நல்ல வருஷத்திலேயே அரை வயிறுதான். தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். அந்த வருஷம் அந்தக் காற்றிலும் ஈரம் இல்லை.

முதல் மனு பாடசேகர சமிதியினுடையது. விவசாயிகள் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏரியைத் தூர்வார வேண்டும்.' இரண்டாவது, குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழு அக்காக்கள் கொண்டுவந்தது. 'அம்பலக்குளத்தைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொழிலுறப்பில் சேர்க்க வேண்டும்.' எல்லைக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலை என்பார்களே, அதற்கு இங்கே தொழிலுறப்பு என்று பெயர். மூன்றாவது, பால் சொசைட்டி. 'மாட்டுக்குளத்தில் கால்நடைக்குத் தண்ணீர் நிறுத்த ஏற்பாடு வேண்டும்.' மூன்றையும் நானேதான் டைப் செய்தேன். மூன்றாவதில் சர்வே நம்பரைத் தட்டும்போதுதான் விரல் நின்றது. ஏரி, அம்பலக்குளம், மாட்டுக்குளம், மூன்றும் ஒன்றே. என் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்தக் குளத்தில் நீச்சல் பழகியவன் நான். எனக்கே மூன்றாவது மனுவில்தான் உறைத்தது.

ஆபீஸில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மூன்று மனுவும் மூன்று மேஜைக்குப் போகும். ஒன்று வேளாண்மை, ஒன்று தொழிலுறப்பு, ஒன்று கால்நடை. மூன்றிலும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி அடுத்த பைலுக்கு அடியில் வைப்பார்கள். இதில் அவர்கள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. கேட்பவர்களே மூன்றாக வந்து நின்றால் கொடுப்பவர் என்ன செய்வார்?

சரி, எல்லாரையும் ஒன்று சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. அந்த வேகத்தின் மிச்சம் இன்னும் என் கடையில் இருக்கிறது. ஐந்நூறு லெட்டர்பேடு அடித்தேன். சங்கத்துக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே பனைமரமும் குளமும் போட்ட படம், இரண்டு மொழியில் விலாசம். தலைவர் ஒருவர், துணைத்தலைவர் இருவர், செயலாளர், பொருளாளர் என்று பட்டியலும் தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். அறுபது பேர் வந்தார்கள். நோட்டீஸில் யார் பெயர் முதலில் வந்தது என்பதில் அரைமணி நேரம் போனது. மலையாளம் மேலேயும் தமிழ் கீழேயும் இருந்ததற்கு ஒரு கால்மணி. மேடையில் உட்கார்ந்தவர் எந்தக் கட்சி, அவரை யார் கூப்பிட்டது என்பதில் மீதி. குளம் என்ற சொல்லை யாராவது சொன்னார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். நன்றியுரையில் நான் சொன்னேன். இரண்டாவது கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் டீ கொண்டுவந்தவர்கள். லெட்டர்பேடின் பின்பக்கத்தில் இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல தாள்.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் கல்லூரி படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்களோடு பஸ் ஏறி பிளாச்சிமடா போராட்டப் பந்தலுக்குப் போயிருக்கிறேன். பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22 அன்று பழங்குடி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. அந்தப் பந்தலில் யார்தான் வரவில்லை? காந்தியவாதி, இடதுசாரி, பாதிரியார், காலேஜ் பையன், வெளிநாட்டுக்காரர். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பந்தலில் நான் மொத்தம் ஒரு நாள் இருந்திருப்பேன். ஆனால் ஜனம் சேர்ந்தால் நடக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்கு ஏறியது, இறங்கவே இல்லை.

அப்புறம்தான் மெதுவாகப் புரிந்தது. எதிரே ஒரு கேட் இருந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் எதிராளி இருந்தால், சேருவது ஒருவிதம். எதிராளியே இல்லாத ஒரு வறண்ட குளத்துக்காகச் சேருவது வேறுவிதம். அங்கே எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: மூடு. இங்கே ஏழு பேருக்கு ஏழு கோரிக்கை, அதில் பாதி ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது. பிளாச்சிமடாவிலேயே, ஆலை மூடிய பிறகு நடந்ததைப் பாருங்கள். 2010இல் உயர்மட்டக் குழு நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது, 2011இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் கிடப்பில் போனது. ஜெயித்த ஊரில் ஜனம் பல வருஷம் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தது. மயிலம்மா 2007இலேயே போய்விட்டார்.

என் சங்கம் படுத்த பிறகு, அயல்கூட்டம் ஒன்றின் செக்ரட்டரி அக்கா கடைக்கு வந்தார். ஏதோ லோன் பேப்பர் ஜெராக்ஸ். அயல்கூட்டம் என்பது குடும்பஸ்ரீயின் அடிமட்டம். பத்திலிருந்து இருபது பெண்கள், வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள், பத்தோ இருபதோ சேமிப்பு, ஒருவருக்கொருவர் கடன். குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது. ஒரு வாரம் விட்டால் கணக்கு இடிக்கும் என்பதால் இந்தக் கூட்டம் சாவு விழுந்தாலன்றி நிற்காது. அக்கா ஜெராக்ஸைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏன் தம்பி எல்லாத்தையும் ஒரு எடத்துக்குக் கூப்பிடற? அவங்கவங்க கூடறாங்கல்ல, அங்கே நீ போ. யாருக்கு என்ன வேணும், எது போனா வயிறு எரியும்னு எழுதிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐந்து வாரம் ஆனது. இந்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் இல்லை.

பாடசேகர சமிதிக்கு வேண்டியது ஜேசிபி. ஒரு வாரத்தில் வேலை முடியும், ஆழமாக வரும். அயல்கூட்டப் பெண்களுக்கு ஜேசிபி என்றாலே ஆகாது. தொழிலுறப்பில் இயந்திரம் கூடாது, காண்டிராக்டர் கூடாது, ஆள்தான் வெட்ட வேண்டும். ஜேசிபி வந்தால் அவர்களுக்கு அந்தக் கோடையில் கூலி கிடையாது. பால் சொசைட்டிக்காரர்களுக்கு யார் வெட்டினாலும் சரி, கரையைச் செங்குத்தாக நிறுத்தக் கூடாது. மாடு இறங்க ஒரு பக்கம் சரிவு வேண்டும். கோயில் கமிட்டிக்குப் படித்துறை வேண்டும், மாடு இறங்குவது அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சர்ச் பங்குக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கோயில் கமிட்டி கேட்டதெல்லாம் கிடைத்துவிடுமா என்று மட்டும் கேட்டார்கள்.

நான் எதிர்பார்க்காத ஆட்கள் இரண்டு. ஒன்று கிரிக்கெட் பையன்கள். வறண்ட குளம்தான் அவர்கள் கிரவுண்ட்! பிட்சுக்கு மண் கொட்டி ரோலர் இழுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான், அதை யாருமே ஒரு நஷ்டமாக எண்ணவில்லை. "தண்ணி வேணும்ண்ணா, யார் வேண்டாம்னாங்க. ஆனா நாங்க எங்க போறது?" என்றான் ஒருவன்.

இரண்டாவது, குளத்துக்குக் கிழக்கே இருக்கும் எரவாளர் குடியிருப்பு. அப்போது எல்லாரும் காலனி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை இனி அரசுக் காகிதங்களில் எழுதக் கூடாது என்று 2024 ஜூனில் உத்தரவு வந்தது. நல்லது, பேச்சில் இன்னும் போகவில்லை. அங்கே மூப்பன், அதாவது ஊர்ப் பெரியவர், வீட்டு வாசலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன் கிணற்றுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். கல் வரிசையில் பாசி பிடித்த கோடு ஒன்று கருப்பாக ஓடியது. "குளத்துல தண்ணி நின்ன வருசம் இங்க நிக்கும்" என்றார். கோட்டிலிருந்து தண்ணீர் இருபது முழம் கீழே கிடந்தது. "எங்ககிட்ட இதுவரைக்கும் குளத்தப் பத்தி யாரும் கேட்டதில்ல சாமி." குளத்தில் அவர்களுக்கு நிலமும் இல்லை, மாடும் அதிகம் இல்லை, அதனால் எந்தச் சமிதியிலும் இல்லை. ஆனால் குளம் நிறைந்தால் குடிக்கத் தண்ணீர் வருவது அவர்களுக்குத்தான். மூன்று மனுவிலும் குடிநீர் என்ற வார்த்தை கிடையாது.

கிராமசபை எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். 1996இல் மக்கள் திட்டம் வந்ததிலிருந்து கேரளத்தில் பஞ்சாயத்துகளுக்குப் பணமும் அதிகாரமும் உண்டு. இங்கே கிராமசபை வார்டு வாரியாக நடக்கும், பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வர வேண்டும். வருகிறார்கள். வீடு யாருக்கு, ஆடு யாருக்கு என்ற பயனாளிப் பட்டியல் வாசித்து முடிந்ததும் எழுந்து போகிறார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது ஹாலில் நாற்காலிகள் மட்டும் இருக்கும்.

நோட்டு நிறைந்த பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே ஒருவரை அழைத்தோம். ஏழு பேர், என் கடைக்குப் பின்னால், ராத்திரி எட்டு மணிக்கு. தலைவர் கிடையாது. சங்கத்துக்குப் பெயர் கிடையாது. இன்று வரை வைக்கவில்லை. முதல் ராத்திரியே ஜேசிபி சண்டை வந்தது. தீர்வு கொடுத்தது அந்தச் செக்ரட்டரி அக்காதான். குளத்துக்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்கால் முக்கால் மைல் தூர்ந்து கிடந்தது. அதை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் தோண்டினால் என்ன பிரயோஜனம்? வாய்க்கால் வெட்டு, கரை கட்டு, கரைச் சரிவில் கயிற்றுப் பாய் விரித்து மூங்கில் முளை அடித்துப் புல் நடுவது, எல்லாம் தொழிலுறப்பில் தனி வேலையாகப் பெண்களுக்கு. நடுக்குளத்தின் இறுகிய களியை மட்டும் வசூல் பணத்தில் ஜேசிபி எடுக்கட்டும். இரண்டு வேலைக்கும் இரண்டு எஸ்டிமேட், இரண்டு கணக்கு. ஒன்றோடு ஒன்று கலந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மண்ணால் உடைந்தது. ஒரு சூளைக்காரர் ஆள் அனுப்பினார். முழுக் குளத்தையும் காசு வாங்காமல் தோண்டித் தருகிறேன், மண் மட்டும் எனக்கு. கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்தது. வசூலே வேண்டாமே! சமிதிக்காரர் ஒருவர் அன்றைக்கே சரி சொல்லிவிட்டு வந்துவிட்டார். இந்த வட்டாரத்தில் தூர்வாருகிறேன் என்று இறங்கிக் குளத்தைக் குழியாக்கிவிட்டுப் போன கதைகள் உண்டு. அடிக்களி வரை சுரண்டிவிட்டால் தண்ணீர் நிற்காது, உறிஞ்சிக்கொண்டே போகும். பெரியவர்கள் இதைச் சொன்னார்கள். ஆனால் அதைச் சொல்லி யாரையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தியது வண்டல் கணக்கு. எத்தனை டிராக்டர் வரும், ஒரு ஏக்கருக்கு எத்தனை லோடு போட்டால் இரண்டு வருஷத்துக்கு எருச் செலவு எவ்வளவு மிச்சம் என்று பால் சொசைட்டிக்காரர் லெட்டர்பேடின் பின்பக்கத்தில் (ஆமாம், அதேதான்) போட்டுக் காட்டினார். இலவசம் என்று வந்தவர் எவ்வளவு எடுத்துப்போக இருந்தார் என்று தெரிந்ததும் சத்தம் அடங்கியது.

அப்போதே முறை எழுதினோம். மண் வார்டுக்கு வெளியே போகக் கூடாது. டீசல் செலவு மட்டும் வாங்குவோரிடம். ஒரு ஏக்கருக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் லோடு. தோட்டத்துக்காரர்கள் கடைசி. மிச்ச மண்ணில் ஆற்றங்கரைப் புறம்போக்கை நிரவிக் கிரிக்கெட் பையன்களுக்குக் கொடுப்பது. மாட்டுக்கு மேற்குச் சரிவு, கோயிலுக்கு வடக்குப் படி. நோட்டு இரண்டு: ஒன்று மலையாளத்தில் பஞ்சாயத்துக்கு, ஒன்று தமிழில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு. பஞ்சாயத்துத் தீர்மானம், மண்ணை நகர்த்த அனுமதி என்று அலைந்ததைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்ய மாட்டேன். ஒரு மாதம் செருப்புத் தேய்ந்தது. ஆனால் ஏழு கையெழுத்தோடு ஒரே மனுவாகப் போனபோது மூன்று மேஜைக்காரர்களும் ஒரே நாளில் குளக்கரைக்கு வந்தார்கள். அதுவரை அந்த மூவரை ஒன்றாக நான் கேன்டீனில்தான் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் மடைக்குப் பக்கத்தில் தோண்டும்போது ஒரு கருங்கல் தூண் தட்டுப்பட்டது. ஓர் ஆள் உயரம், நாலு பட்டை, ஒரு பக்கம் விரற்கடை இடைவெளியில் கோடு கோடாகச் செதுக்கல். ஜேசிபி நின்றது. வாய்க்காலிலிருந்து பெண்கள் மண்வெட்டியோடு வந்து சுற்றி நின்றார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர்தான் சொன்னார்: "அளவுக்கல்லுடா. எங்க மாமனாரு காலத்துல இதைப் பாத்துத்தான் மடை தொறப்பாங்க." கல்லை அங்கேயே நிமிர்த்தி நட்டோம். அதில் ஒரு கோட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கும் வரை வயலுக்கு மோட்டார் போடலாம். கோட்டைத் தொட்டுவிட்டால் மோட்டார் நிறுத்தம். மிச்சம் மாட்டுக்கும், மூப்பன் வீட்டுக் கிணற்றுக்கும்.

கேரளமே மூழ்கிய 2018 ஆகஸ்டில் குளம் நிறைந்து கலிங்கு வழிந்தது. மூப்பன் கிணற்றில் பாசிக் கோடு நனைந்தது. பிறகு வந்த வருஷங்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். திருவிழாவுக்கு அடுத்த நாள் குளம் முழுக்க பிளாஸ்டிக் டம்ளர் மிதக்கும். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் எடுக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எட்டாவது ஆளாக உள்ளே வந்தது அப்படித்தான், கோபமாக.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றாலே உறவுச் சிக்கல். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப் புழைக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும். மழை குறைந்த வருஷமெல்லாம் இதில் தகராறு. இங்கே 'விடு' என்று மறியல், அங்கே 'விடாதே' என்று மறியல். என் மாமா மகன் பொள்ளாச்சிப் பக்கம் அந்த மறியலில் நின்றான், நான் இந்த மறியலுக்கு மனு அடித்தேன். மறுவாரம் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டி.எம்.சி. கணக்கில் எங்கள் கை எட்டாது. அளவுக்கல்லில் எட்டும்.

போன கோடையில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மோட்டார் ஓடியது. பால் சொசைட்டிக்குக் கறந்துவிட்டு விடியற்காலையில் வந்த ஒருத்தர் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், வண்டல் முறையை எழுதியபோது முதல் கையெழுத்துப் போட்ட சமிதிக்காரருடைய மோட்டார். பால்காரர் ஒன்றும் பேசாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ப்யூஸைப் பிடுங்கிப் பால் கேனுக்குள் போட்டு ரேஷன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கடைக்காரர் அதை நோட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். பெயர் எழுதவில்லை. மூன்று நாள் தொங்கியது. நான்காம் நாள் இல்லை.

அந்தச் சமிதிக்காரர் பத்து நாள் என் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். வண்டி எஞ்சினை அணைக்காமல் அதன்மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"தம்பி, ஒரு மனு எழுதணும். அளவுக்கல்லுல அந்தச் சிவப்புக் கோட்டை நாலு விரக்கடை கீழ எறக்கி அடிக்கணும்னு."

"எழுதறேங்ண்ணா. எட்டுக் கையெழுத்து வேணும். மூப்பன் கையெழுத்தும்."

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "நீ எழுதி வை, நான் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு கிழக்கே வண்டியைத் திருப்பினார்.

மனு தயாராக மேஜை டிராயரில் இருக்கிறது. அவர் இன்னும் வரவில்லை.